4.7 மீட்டர் அலையைக் கொண்டு ஒரு மில்லிமீட்டரைப் பார்ப்பது

அலையைக் கொண்டு படம் பிடிப்பவர்களுக்கு ஒரு பழைய விதி உண்டு. கையில் இருக்கும் அலையின் நீளத்தைவிட மிகச் சிறிய நுணுக்கங்களை அந்த அலையால் பிரித்துக் காட்ட முடியாது. சாதாரண நுண்ணோக்கியில் பெரும்பாலான வைரஸ்கள் தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. இயந்திரம் உடலுக்குள் செலுத்துவதும் உடலிலிருந்து திரும்பப் பெறுவதும் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலை. இந்தியாவில் மொட்டை மாடிகளில் மீன்முள் ஆன்டெனாக்கள் நின்ற காலத்தில் தொலைக்காட்சியின் நான்காம் சேனலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை. அதற்கு நடுவில் வருகிறது இந்த அலை. காற்றில் அதன் நீளம் 4.7 மீட்டர். மனித மூளையின் குறுக்களவோ ஒரு சாண்கூட இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை ஒலிபரப்பிகளோடும் ஏற்பிகளோடும் கழித்த எனக்கு, இந்த எண்ணை முதன்முதலில் பார்த்தபோது இது எப்படி நடக்கிறது என்ற கேள்வி விடாமல் பிடித்துக்கொண்டது. 4.7 மீட்டர் அலையில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நுணுக்கம் தெளிவாகத் தெரிகிறது என்றால், அந்த அலை வெளிச்சமாகப் பயன்படவில்லை என்றுதான் பொருள்.

எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் காந்தத்தின் வலிமையை வியக்கிறார்கள். பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்கு என்பது வியக்கத்தக்க அளவுதான். ஆனால் அதன் பொறியியலை ஓரளவு உள்ளே சென்று பார்த்த பிறகு, என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. ஒரு பெரிய உருளைக்குள் காந்தப்புலம் எங்கும் ஒரே அளவில் இருக்கும்படி பெரும்பாடுபட்டு ஒழுங்குபடுத்துகிறார்கள். ஒழுங்குபடுத்திய கையோடு, அந்த ஒழுங்கைத் தாங்களே அளந்து குலைக்கிறார்கள். படம் பிறப்பது அந்தக் குலைப்பில்தான்.

உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கருவும் ஒரேயொரு புரோட்டான். தற்சுழற்சி என்னும் பண்பினால் புரோட்டான் ஒரு மிகச் சிறிய காந்தமாக நடந்துகொள்கிறது. வெளியிலிருந்து ஒரு காந்தப்புலத்தைச் செலுத்தினால், அதன் காந்த அச்சு புலத்தின் திசையைச் சுற்றிச் சுற்றி வரும். இந்தச் சுற்றின் அதிர்வெண் புலத்தின் வலிமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும்: ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ். 1.5 டெஸ்லாவில் 63.9, 3 டெஸ்லாவில் 127.7. எம்.ஆர்.ஐ. என்ற மாளிகை முழுவதும் இந்த ஒற்றை நேர்விகிதத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

ஆயினும் புலத்துக்குள் வைத்தவுடன் எல்லாப் புரோட்டான்களும் ஒரே திசையில் அணிவகுத்து நின்றுவிடுவதில்லை. உடலின் வெப்பம் மூலக்கூறுகளை ஓயாமல் உலுக்கிக்கொண்டே இருப்பதால், 1.5 டெஸ்லாவிலும் புலத்தின் பக்கம் சாய்ந்தவை எதிர்ப்பக்கம் சாய்ந்தவற்றைவிடப் பத்து லட்சத்துக்குச் சுமார் 5 மட்டுமே அதிகம். மற்றவை ஒன்றையொன்று ஈடுகட்டி மறைந்துவிடுகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் நீரில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை 67-க்குப் பின் பதினெட்டுச் சுழியங்கள் என்பதால், பத்து லட்சத்தில் ஐந்தும் முந்நூறு லட்சம் கோடியைத் தாண்டிவிடுகிறது, நாம் பிழைத்தோம். காந்தத்தை வலிமையாக்குவதன் முதல் நோக்கம் இந்த மிச்சத்தைக் கூட்டுவது. அதே அதிர்வெண்ணில் ஒரு வானொலித் துடிப்பைச் செலுத்தினால் இந்த மிச்சக் காந்தம் பக்கவாட்டில் சாய்கிறது; இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். சாய்ந்த நிலையில் சுற்றும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மைக்ரோவோல்ட் அளவிலான மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. நமக்குக் கிடைக்கும் சமிக்ஞை அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதில் படம் என்று எதுவும் இல்லை. 1938-இல் ஐசிடோர் ராபி மூலக்கூற்றுக் கற்றைகளில் இந்த ஒத்ததிர்வைக் கண்டார். 1946-இல் ஃபீலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியே, சாதாரணத் திடப் பொருளிலும் திரவத்திலும் அதை அளந்தார்கள். அதன் பிறகு கால் நூற்றாண்டுக் காலம் இது வேதியியலாளர்களின் கருவியாக இருந்தது. அவர்களுக்குக் காந்தப்புலத்தில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் எரிச்சல். சோதனைக் குழாயின் ஒரு பக்கம் ஒரு அதிர்வெண், மறுபக்கம் இன்னொன்று என்றால் நிறமாலைக் கோடுகள் அகன்று மங்கிவிடும். அந்த ஏற்றத்தாழ்வை ஒழிப்பதற்கே அவர்கள் நாள்களைச் செலவிட்டார்கள்.

அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளராக இருந்த பால் லாட்டர்பர் 1971-இல் இதைத் தலைகீழாக யோசித்தார். புலத்தில் வேண்டுமென்றே ஒரு சாய்வை ஏற்படுத்தினால், அதாவது ஒரு முனையில் சற்றுக் குறைவாகவும் மறுமுனையில் சற்று அதிகமாகவும் சீராக ஏறும்படி செய்தால், எந்த அதிர்வெண்ணில் சமிக்ஞை வருகிறது என்பதை வைத்தே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். வீணைத் தந்தியில் எந்த மெட்டில் விரல் வைக்கிறோம் என்பது சுருதியைத் தீர்மானிப்பதைப் போல, உடலில் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்பது அதன் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. அலையின் நீளம் இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. கனநீர் (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகை உள்ள நீர்; இந்த அதிர்வெண்ணில் அது பதில் தராது) நிரப்பிய ஒரு சோதனைக் குழாய்க்குள் சாதாரண நீர் அடைத்த இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களை வைத்து, பல கோணங்களில் சாய்வைத் திருப்பி, அவர் 1973-இல் வெளியிட்ட படத்தில் இரண்டு மங்கலான வட்டங்கள் மட்டுமே தெரிந்தன. ‘நேச்சர்’ இதழ் அந்தக் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பியது என்பதும், அதே பணிக்காக 2003-இல் அவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பதும் பலரும் அறிந்த கதை.

சாய்வின் அளவைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தால்தான் மற்றவை விளங்கும். மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா சாய்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் புலம் 0.01 மில்லிடெஸ்லா மாறும். அதிர்வெண் சுமார் 426 ஹெர்ட்ஸ் மாறும். 6 கோடியே 39 லட்சம் ஹெர்ட்ஸில் 426. அதாவது பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 7 பங்கு. சாய்வு இல்லாத நிலையில் அடிப்படைப் புலம் எவ்வளவு சீராக இருக்க வேண்டும் என்பதை இந்த எண் சொல்லிவிடுகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. நீரிலுள்ள புரோட்டானும் கொழுப்பிலுள்ள புரோட்டானும் ஒரே புலத்தில் பத்து லட்சத்துக்கு 3.5 பங்கு வேறுபட்ட அதிர்வெண்ணில் சுற்றுகின்றன, 1.5 டெஸ்லாவில் அது 220 ஹெர்ட்ஸ் அளவு. கொழுப்பின் சமிக்ஞையை மட்டும் அடக்கிவிட்டு அதன் பின்னால் மறைந்திருக்கும் வீக்கத்தைப் பார்க்க வேண்டுமானால், புலத்தின் ஏற்றத்தாழ்வு இந்த 3.5-ஐவிட நன்கு குறைவாக இருந்தாக வேண்டும்; அதுவும் சோதனைக் குழாய்க்குள் அல்ல, ஆள் படுக்கும் உருளைக்குள்.

இனி காந்தம். செப்புக் கம்பிச் சுருள்களால் செய்த தொடக்ககாலக் காந்தங்கள் பெரும்பாலும் 0.2 டெஸ்லா அளவிலேயே நின்றுவிட்டன. அதற்கு மேல் போனால் மின்சாரமெல்லாம் வெப்பமாகிவிடும். இன்றைய 1.5 டெஸ்லா காந்தத்தில் இருப்பது நயோபியம்–டைட்டானியம் கலவையில் இழுத்த மெல்லிய இழைகளைச் செம்புக்குள் பதித்துச் செய்த கம்பி. இந்தக் கலவை சுமார் 9 கெல்வினுக்குக் கீழே மின்தடையை அறவே இழந்து மீக்கடத்தியாகிறது. எனவே சுருள்கள் 4.2 கெல்வின், அதாவது சுழியத்துக்கும் கீழே 269 டிகிரி செல்சியஸில், திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கின்றன. பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றி, பிறகு சுருளின் இரு முனைகளையும் மீக்கடத்திக் கம்பியாலேயே இணைத்து, மின்வழங்கியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த இணைப்பைத் திறக்கவும் மூடவும் ஒரு சின்ன உத்தி: இணைப்புக் கம்பியின் அருகில் ஒரு சூடேற்றி இருக்கும். சூடாக்கினால் அந்தத் துண்டு மீக்கடத்தும் தன்மையை இழக்கும், மின்னோட்டம் சுருளுக்குள் ஏறும்; சூட்டை நிறுத்தினால் வளையம் மூடிக்கொள்ளும். அசையும் உறுப்பு எதுவுமில்லாத இந்த ஸ்விட்சைப் போல அழகான ஒன்றை நான் என் தொழிலில் பார்த்ததில்லை. மூடிய பிறகு புலம் மணிக்குப் பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது என்பதே வழக்கமான உறுதிமொழி. ஓராண்டு முழுவதும் கூட்டினாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகாது.

இதன் மறுபக்கம், இந்தக் காந்தத்தை அணைக்க முடியாது என்பது. இரவில் ஸ்கேன் மையம் பூட்டிக் கிடந்தாலும், விளக்குகள் அணைந்திருந்தாலும், உருளைக்குள் 1.5 டெஸ்லா அப்படியே இருக்கிறது. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், இயந்திரம் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அறைக்குள் சென்ற ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். மின்சாரத்தில் இயங்கும் எதற்கும் ஓர் அணைப்புப் பொத்தான் இருக்கும் என்று பழகிப்போன மனத்துக்கு, மின்சாரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் எளிதில் பிடிபடுவதில்லை.

உண்மையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்த யாரும் விரும்பமாட்டார்கள். அது சுருளின் ஒரு பகுதியைச் சூடாக்குகிறது. அந்தப் பகுதியில் மின்தடை திரும்புகிறது, அதனால் வெப்பம் உண்டாகிறது, வெப்பம் அடுத்த பகுதியையும் மீக்கடத்தும் நிலையிலிருந்து வெளியே தள்ளுகிறது. சில பத்து வினாடிகளுக்குள் பல மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக மாறி ஹீலியம் கொதித்துப் பொங்குகிறது. குவெஞ்ச் என்பது இதுதான். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பநிலையில் எழுநூறு லிட்டருக்கும் மேலான வாயுவாக விரிவதால், கூரைக்கு மேலே செல்லும் அகன்ற குழாய் ஒன்று இல்லாமல் இத்தகைய காந்தத்தை நிறுவக் கூடாது. குழாய் அடைபட்டால் ஹீலியம் அறையை நிரப்பி உள்ளே இருப்பவர்களை மூச்சுத் திணற வைத்துவிடும். யாரும் பொத்தானை அழுத்தாமலும் குவெஞ்ச் நேரலாம். 4 கெல்வினில் உலோகங்களின் வெப்ப ஏற்புத்திறன் மிகமிகக் குறைவு. சுருளின் ஒரு சுற்று, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான தூரம் நழுவினாலே அந்த உராய்வின் வெப்பம் போதும். அதனால்தான் ஒவ்வொரு சுற்றும் பிசினால் இறுக்கி அசையாமல் கட்டப்படுகிறது. (2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் புதிய காந்தம் நிறுவும்போது கசிந்த ஹீலியத்தால் சுமார் நாற்பது ஐபோன்களும் ஆப்பிள் கடிகாரங்களும் செயலிழந்தன, அவற்றுக்குள் நேரம் காட்டும் நுண்ணதிர்விகளின் வெற்றிட அறைக்குள் ஹீலியம் அணுக்கள் புகுந்துவிட்டனவாம். நம் துறைக்காரர்கள் வெகுநாள் சிரித்துப் பேசிய செய்தி இது.)

சீர்மையின் கதைக்கு வருகிறேன். தொழிற்சாலையில் சுருள்களை எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும், குளிரூட்டும்போது அவை சுருங்கும். நிறுவும் கட்டடத்தின் தரையிலுள்ள கம்பி, பக்கத்திலுள்ள தூண், எல்லாம் புலத்தை இழுக்கும். காந்தங்களை நிறுவும் பணியில் இருந்த நண்பர் ஒருவர் இந்தத் திருத்த வேலையை எனக்கு விவரித்திருக்கிறார். பிறை வடிவச் சட்டம் ஒன்றில் சிறு சிறு உணரிகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும்; அதை உருளையின் நடுவில் வைத்துப் படிப்படியாகச் சுழற்றினால், ஒரு கற்பனைக் கோளத்தின் பரப்பு முழுவதும் புலம் எவ்வளவு என்று அளவீடு வந்துவிடும். கணினி அதைப் பார்த்து, இன்ன தட்டில் இன்ன பள்ளத்தில் இத்தனை இரும்புத் தகடு என்று ஒரு பட்டியலைத் தரும். உருளைச் சுவருக்குள் நீளவாக்கில் செருகியிருக்கும் தட்டுகளை வெளியே இழுத்து, விசிட்டிங் கார்டு போன்ற மெல்லிய தகடுகளைப் பள்ளங்களில் எண்ணி அடுக்கி, மறுபடி செருகி, மறுபடி அளக்க வேண்டும். முதல் சுற்றில் பெரிய பிழைகள் மறையும். அடுத்தடுத்த சுற்றுகளில் சிறியவை. இறுதியில் 40 முதல் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளத்துக்குள் வேறுபாடு பத்து லட்சத்துக்குச் சில பங்குகள் என்ற அளவுக்கு அடங்கும். இவ்வளவு உயர்ந்த தொழில்நுட்பத்தின் கடைசிப் படி ஒரு மனிதர் தரையில் மண்டியிட்டு இரும்புத் தகடு எண்ணுவது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொறியியல் மீது மரியாதை கூடுகிறது.

இத்தனைக்கும் பிறகு நோயாளி உள்ளே வந்து படுக்கிறார், சீர்மை மீண்டும் குலைகிறது. நீருக்கும் காற்றுக்கும் காந்த ஏற்புத்திறனில், அதாவது காந்தப்புலத்துக்கு இணங்கும் அளவில், பத்து லட்சத்துக்குச் சுமார் 9 பங்கு வேறுபாடு உண்டு. மூக்கைச் சுற்றிய காற்றறைகள், காதுத் துளை, நுரையீரல், குடலில் உள்ள வாயு ஆகிய எல்லாம் தங்களைச் சுற்றிப் புலத்தை வளைக்கின்றன. அதனால் ஒவ்வொருவர் படுத்ததும் இயந்திரம் முதலில் சில வினாடிகள் அளந்து, திருத்தச் சுருள்களில் சிறு மின்னோட்டங்களைச் செலுத்தி, அந்த உடலுக்கேற்பப் புலத்தைச் சரிசெய்துகொள்கிறது. பல் கம்பி போட்டவர்களின் படத்தில் முகத்தின் கீழ்ப்பகுதியே காணாமல் போவது, இந்தத் திருத்தத்தின் எல்லையைத் தாண்டியதால்.

சாய்வைத் தரும் கிரேடியன்ட் சுருள்கள் காந்தத்துக்கும் நோயாளிக்கும் நடுவே ஓர் உருளைப் பாளத்தில் வார்க்கப்பட்டிருக்கின்றன. நீளவாக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று, மேல்கீழாக ஒன்று என மூன்று. என் பெரியம்மாவுக்கு முதுகெலும்பைப் படம் எடுக்க அழைத்துச் சென்றிருந்தபோது, வெளியே வந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி இந்தச் சுருள்களைப் பற்றியதுதான். “ஏம்ப்பா, உள்ள யாரோ சம்மட்டியால அடிச்ச மாதிரியே இருந்துச்சே, மெஷின்ல ஏதாவது கழண்டுபோச்சா?” நான், “இல்ல பெரியம்மா, அது நல்லா வேலை செய்யுற சத்தம்” என்றேன். அவர் நம்பவில்லை. டெக்னீஷியனும் அதையே சொன்ன பிறகு, “காசு வாங்கிட்டு இப்படியா பயமுறுத்துவாங்க” என்று முடித்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்தைக் கணக்கிடுவது எளிது. 1.5 டெஸ்லா புலத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு மீட்டர் கம்பியில் 500 ஆம்பியர் பாய்ந்தால், அதன் மேல் விழும் விசை 750 நியூட்டன். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை. அந்த மின்னோட்டத்தை ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரத்தில் ஏற்றி, இறக்கி, திசைமாற்றுகிறார்கள். பாளம் முழுவதும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நெளிகிறது. ஒலிபெருக்கிக்குள் காந்தத்தின் நடுவே இருக்கும் சுருளும் இதையேதான் செய்கிறது. இங்கே கூம்பு இல்லை, கனத்த எபாக்ஸிப் பிசின் பாளம் இருக்கிறது. 110 டெசிபலை எட்டும் முறைகளும் உண்டு என்பதால் காதடைப்பான் கட்டாயம்.

மின்சாரப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் கடினம். தூண்டற்சுருளில் மின்னோட்டத்தை வேகமாக மாற்ற மின்னழுத்தம் வேண்டும். நல்ல இயந்திரங்களின் கிரேடியன்ட் மிகைப்பிகள் (ஆம்ப்ளிஃபயர்கள்) ஆயிரம் வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தத்தில் பல நூறு ஆம்பியரைச் செலுத்துகின்றன. மீட்டருக்கு 40 மில்லிடெஸ்லா சாய்வை 0.2 மில்லி வினாடியில் எட்டுவது இன்று சாதாரணம். ஆனால் மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள உலோகத்தில் எல்லாம் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டும். சுற்றிலும் இருப்பதோ ஹீலியக் கலத்தின் குளிர்ந்த உலோகச் சுவர்கள். அந்தச் சுழல் மின்னோட்டங்கள் எதிர்ப்புலத்தை உண்டாக்கி, அளந்து கொடுத்த சாய்வைக் கெடுத்துவிடும். இதற்கு மான்ஸ்ஃபீல்டு முன்வைத்த தீர்வு, கிரேடியன்ட் சுருளுக்கு வெளியே எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும் இன்னொரு சுருளைச் சுற்றுவது: உள்ளே சாய்வு இருக்கும், வெளியே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஞ்சிய சிறு பிழையை முன்கூட்டியே கணித்து, அனுப்பும் மின்னோட்ட வடிவத்திலேயே எதிர்மாறாகச் சேர்த்து விடுகிறார்கள். இதையும் தாண்டி வேகத்தைக் கூட்ட முடியும். தடுப்பது மனித உடல். புலம் அளவுமீறி விரைவாக மாறினால் உடலுக்குள் தூண்டப்படும் மின்புலம் நரம்புகளைக் கிளறி, தசைகள் தாமாகத் துடிக்கத் தொடங்கும்.

மூன்று சாய்வுகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் முதல் படி எளிது. நீளவாக்கில் முன்பு சொன்ன மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா சாய்வைப் போட்டுக்கொண்டே, 2 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள வானொலித் துடிப்பைச் செலுத்தினால், அந்த அதிர்வெண்களுக்கு உரிய ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு துண்டம் மட்டும் பதில் தரும். அடுத்து, சமிக்ஞையைக் கேட்கும் நேரத்தில் குறுக்கே சாய்வைப் போட்டால், இடமிருந்து வலமாக அதிர்வெண் ஏறும். மூன்றாவது திசைதான் சிக்கல். அதற்கும் அதே நேரத்தில் சாய்வைப் போட்டால் இரண்டும் கூடி ஒரே மூலைவிட்டச் சாய்வாகிவிடும். ஒரு கோட்டிலுள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே அதிர்வெண்ணில் பாடும். லாட்டர்பர் இதைத் தவிர்க்கவே பல கோணங்களில் சாய்வைத் திருப்பினார்.

இன்று நாம் பயன்படுத்தும் வழியின் வேர், 1975-இல் அனில் குமார், டீட்டர் வெல்ட்டி, ரிச்சர்ட் எர்ன்ஸ்ட் ஆகிய மூவரும் சூரிச் நகரிலிருந்து வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. மூன்றாவது சாய்வைக் கேட்பதற்கு முன்பே சிறிது நேரம் போட்டு எடுத்துவிடுவது என்பது அதன் கரு. சாய்வு இருந்தவரை மேலே உள்ள புரோட்டான்கள் சற்று வேகமாகவும் கீழே உள்ளவை சற்று மெதுவாகவும் சுற்றும்; எடுத்தவுடன் எல்லாம் பழைய வேகத்துக்குத் திரும்பும். ஆனால் முன்னேறியவை முன்னேறியவையாகவும் பின்தங்கியவை பின்தங்கியவையாகவும் நின்றுவிடும். சுற்றில் யார் எங்கே நிற்கிறார் என்னும் இந்தக் கட்ட (phase) வேறுபாட்டை ஒருமுறை அளந்து பயனில்லை. சாய்வை ஒவ்வொரு படியாக மாற்றி, 256 முறை திரும்பத் திரும்பச் செய்தால், ஒவ்வோர் உயரத்திலும் கட்டம் வெவ்வேறு வேகத்தில் ஏறுவது தெரியும். அந்த ஏற்றமே இரண்டாவது அதிர்வெண். ஒவ்வொரு முறை அளந்ததும் ஒரு வரியாக அடுக்கிய இந்த அளவீட்டு அட்டவணையை, கலந்திருக்கும் அதிர்வெண்களைப் பிரித்தெடுக்கும் ஃபூரியே உருமாற்றத்துக்கு இரண்டு திசைகளிலும் உட்படுத்தினால் படம் வந்துவிடும். ஆகவே எம்.ஆர்.ஐ. ஒருபோதும் படத்தின் ஒரு பகுதியை முதலில் எடுத்து மறுபகுதியைப் பிறகு எடுப்பதில்லை. ஒவ்வொரு வரி அளவீடும் முழுப் படத்தைப் பற்றியது. நடுவரிகள் பெரிய வடிவங்களையும் ஒளிநிழல் வேறுபாட்டையும் தருகின்றன, ஓரவரிகள் விளிம்புகளைக் கூர்மையாக்குகின்றன. ஒரு நொடி அசைந்தால் படத்தின் ஒரு மூலை மட்டும் கெடாமல் படம் முழுவதும் பேய் உருவங்கள் படர்வது இதனால்தான். ‘ஆடாமல் படுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகவே.

அனில் குமார் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். அதே நிறுவனத்தில் ஜி. சூர்யன் 1951-இலேயே, குழாயில் ஓடும் திரவத்தின் ஒத்ததிர்வுச் சமிக்ஞை ஓட்டத்துக்கேற்ப மாறுவதை ஆராய்ந்து வெளியிட்டார். ஊசி போடாமல் இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் இன்றைய முறைகளின் முன்னோடிகளில் அதையும் வைக்கலாம். நம்மவர் பங்கு என்று மார்தட்டிக்கொள்ளத் தேவையில்லை, ஆனால் பாடப்புத்தகத்தில் இந்த இரு பெயர்களும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஒவ்வொரு வரிக்கும் அரை வினாடி என்றால் 256 வரிகளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வினாடிகள் கணக்கில் காத்திருக்க வேண்டிய படங்களுக்கு இது கட்டுப்படியாகாது. 1986-இல் ஃப்ரைபுர்க் நகரின் யுர்கன் ஹென்னிக் குழுவினர் ஒரே தூண்டலுக்குப் பின் பல எதிரொலிகளை எழுப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு வரி எடுக்கும் முறையை அறிமுகம் செய்தார்கள். மான்ஸ்ஃபீல்டு 1977-லேயே ஒரே தூண்டலில் எல்லா வரிகளையும் வாரி எடுக்கும் வழியைச் சொல்லியிருந்தார். அதற்கு ஈடுகொடுக்கும் கிரேடியன்ட் மிகைப்பிகள் வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

கடைசியாக, என் சொந்த ஊரான வானொலிப் பகுதி. அறை முழுவதும் செம்புத் தகட்டால் மூடிய, வெளி வானொலி அலைகளைத் தடுக்கும் ஃபாரடே கூண்டு. கதவின் விளிம்பில் ஓடும் வெண்கல விரல்கள் வளைந்தாலோ அழுக்கேறினாலோ, வெளியிலுள்ள ஏதோ ஓர் ஒலிபரப்பு படத்தின் நடுவே புள்ளிக்கோடாக வந்து நிற்கும். அனுப்பும் துடிப்பின் உச்சத் திறன் பத்துக் கிலோவாட்டைத் தாண்டலாம். சில மில்லி வினாடிகளுக்குள், அதே அதிர்வெண்ணில், மைக்ரோவோல்ட்டைக் கேட்க வேண்டும். அனுப்பும் நேரத்தில் ஏற்புச் சுருள்களை டயோடுகள் மூலம் ஒத்திசைவிலிருந்து விலக்கிவைக்காவிட்டால் முன்மிகைப்பி எரியும், நோயாளியின் தோலும் சுடும்.

இதில் விந்தை என்னவென்றால், 1.5 டெஸ்லாவில் இரைச்சலின் பெரும்பங்கு மின்னணுச் சுற்றிலிருந்து வருவதில்லை. நோயாளியின் உடலிலிருந்தே வருகிறது. உடல் ஒரு கடத்தி, அதன் வெப்பம் இரைச்சலாகச் சுருளில் விழுகிறது. பெரிய சுருள் உடல் முழுவதின் இரைச்சலையும் கேட்கும். சிறிய சுருளைத் தோலோடு ஒட்டி வைத்தால் அருகிலுள்ள பகுதியை மட்டும் கேட்கும், ஆனால் ஆழம் போதாது. அப்படியானால் சிறிய சுருள்கள் பலவற்றை அடுக்கினால் என்ன? அடுத்தடுத்த சுருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து இரண்டின் ஒத்திசைவும் கெட்டுப்போகும். 1990-இல் பீட்டர் ரோமரும் உடன் பணியாற்றியவர்களும் தந்த தீர்வு, பழைய ஏற்பி வடிவமைப்பாளர் எவருக்கும் புன்னகையை வரவழைக்கும்: இரண்டு வளையங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்தால், ஒன்று மற்றொன்றில் ஊடுருவச் செய்யும் காந்தப் பாயம் கூட்டிக் கழித்துச் சுழியமாகிவிடும். தொலைவிலுள்ள வளையங்களுக்கு, உள்ளீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) மிகக் குறைந்த முன்மிகைப்பியைப் பொருத்தி வளையத்தில் மின்னோட்டமே பாயாமல் தடுத்தார்கள். வயிற்றின் மேல் போர்த்தும் கனமான விரிப்புக்குள் இப்படிப் பதினாறோ முப்பதோ வளையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வளையமும் தன் பக்கத்தை உரக்கக் கேட்பதால், அந்த வேறுபாடும் இருப்பிடத் தகவல்தான் என்று 1999-இல் கிளாஸ் ப்ரூஸ்மனும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். அதன்பின் வரிகளில் பாதியை எடுக்காமலே விட்டுவிட முடிந்தது.

அலைநீளம் இந்தக் கதையில் எட்டிப் பார்க்கும் ஒரே இடமும் இந்தப் பகுதியில்தான். 3 டெஸ்லாவில் 128 மெகாஹெர்ட்ஸ் அலை, நீர் நிறைந்த உடலுக்குள் சுருங்கி 30 சென்டிமீட்டருக்கும் குறைவாகிவிடுகிறது. அது ஏறத்தாழ வயிற்றின் அகலம். அலைகள் உள்ளே மோதி, சில இடங்களில் துடிப்பு போதாமல் கருநிழல் விழுகிறது. வலிமையான காந்தம் எப்போதும் நல்ல படம் என்று நினைப்பவர்கள் 3 டெஸ்லாவில் எடுத்த வயிற்றுப் படங்கள் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

பிரான்ஸின் சாக்லே ஆய்வு மையத்தில் 11.7 டெஸ்லா காந்தம் ஒன்று 2024-இல் மனித மூளையின் படங்களைத் தந்திருக்கிறது. 132 டன் எடை, 182 கிலோமீட்டர் கம்பி, 1.8 கெல்வின். ஆராய்ச்சிக்கு அது தேவைதான். ஆனால் என் ஆர்வம் எதிர்முனையில் இருக்கிறது. மரபான காந்தம் 1500 லிட்டருக்கும் மேல் திரவ ஹீலியத்தைக் கேட்கும். 2018 முதல் வெறும் 7 லிட்டரை நிரந்தரமாக மூடி முத்திரையிட்ட 1.5 டெஸ்லா காந்தங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுக்குக் கூரைவரை செல்லும் குவெஞ்ச் குழாய் வேண்டாம். எடையும் குறைவு என்பதால் மேல்மாடியிலும், குறுகலான கட்டடத்திலும் நிறுவ முடியும். இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்கேன் மையத்தின் சுவருக்கு அப்பால் இரவும் பகலும் குருவி கத்துவதைப் போலக் கேட்கும், ஹீலியத்தைக் குளிராக வைத்திருக்கும் குளிர்விப்பான் நின்றுபோனால், ஆயிரம் லிட்டருக்கும் மேல் ஹீலியம் உள்ள பழைய காந்தம் கொதித்து ஆவியாகிக்கொண்டே நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 7 லிட்டரில் அந்த அவகாசம் மிகக் குறைவு. மின்சாரம் நீண்ட நேரம் வராவிட்டால், காந்தம் தானே புலத்தை இறக்கிவிட்டு, மறுபடி குளிர்ந்து, மறுபடி ஏற்றப்படும்வரை காத்திருக்க வேண்டும். மாவட்டத் தலைநகருக்கு அப்பால் இத்தகைய இயந்திரத்தை வாங்க நினைப்பவர்கள் முதலில் விலை கேட்க வேண்டியது குளிர்விப்பானுக்கும் அதற்குக் குளிர்ந்த நீர் தரும் சில்லர் இயந்திரத்துக்கும் சேர்த்துப் போதுமான ஜெனரேட்டரை.